மனுவில் நான் கையெழுத்துப் போடாத காரணம்

அன்புள்ள பெரியக்காவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் இங்கே இருவர் நலம். மூவர் என்று எழுத ஆரம்பித்து அடித்திருக்கிறேன். போன கடிதம் வரை அப்படி எழுதிப் பழகிய கை, பொறுத்துக்கொள். அங்கே நீ, அத்தான், பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். அந்த வேண்டுதலை மட்டும் நான் நிறுத்தவில்லை.

அத்தான் தயார் செய்து அனுப்பிய புகார் மனு வந்து சேர்ந்தது. நான் கையெழுத்துப் போட்டால் போதும், அந்தத் தலைமை நர்ஸுக்கு வேலை போகும்வரை அவர் ஓயமாட்டார் என்று நீ எழுதியிருந்தாய். அத்தான் கை அத்தான் கைதான். 'அலட்சியத்தின் உச்சம்' என்று போட்டிருக்கிறார். சட்டையில் பொத்தான் இல்லையென்றாலும் உன்னிடம் அதைத்தானே சொல்வார்? ஆனால் அக்கா, நான் போனில் அழுதுகொண்டே சொன்னதை நீ அவரிடம் சொல்லி, நீ சொன்னதை அவர் மனுவாக்கி, அது என்னிடமே திரும்பி வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

'தாயிடம் கடுமையாகப் பேசினார்' என்பது உண்மை. பேசினாள். குளிக்காமல் கடவுள் பெயரைக்கூட வாயால் சொல்லாதவள் நான், குழந்தைகள் வார்டு வாசல் குழாயடியில் என்னைப் பார்த்து, "நகத்துக்குள்ள யாரு கழுவுவா? முழங்கை வரைக்கும் போங்கம்மா, மறுபடியும்" என்றாள். வளையலைக் கழற்று என்றாள், கழற்றினேன். மோதிரம் வரமாட்டேன் என்றது. சோப்பு போட்டு இழுத்ததில் அது துள்ளிப் போய்க் குப்பைத் தொட்டியில் விழுந்தது. என் வீட்டுக்காரர் அப்போதுதான் கழுவி முடித்து, ஆபரேஷன் செய்யப் போகிற டாக்டர் மாதிரி இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண்டாட்டி மோதிரமாயிற்றே என்று அந்தக் கையை அப்படியே தொட்டிக்குள் விட்டுவிட்டார். "சார்! போங்க, முதல்லேர்ந்து வாங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவருக்குச் சோப்பு எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. அவர் மறுபடி கழுவி முடிப்பதற்குள் பார்க்கும் நேரம் போய்விட்டது. "மோதிரத்தைப் பாத்துட்டேன், பொண்ணைத்தான் பாக்கல" என்று வெளியே வந்து சிரித்தார். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார்.

'பிரார்த்தனை செய்ய விடவில்லை' என்பதும் உண்மைதான், ஆனால் என் குரல் உனக்குத் தெரியும். நாள் நிறையாமல் அவசரப்பட்டு வந்துவிட்ட பெண், கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயும் உடம்பெல்லாம் வயருமாகக் கிடக்கிறாள் என்றதும், வீட்டில் சொல்வதைவிட ஒரு பங்கு கூட்டியே சொல்லிவிட்டேன். அடுத்த பெட்டியில் ஒன்று விழித்து நெளிய, அதன் மெஷின் கூவ, அதைக் கேட்டு அதற்கடுத்தது கூவ, வரிசையே ஊர்கோலமாகிவிட்டது. "உஷ்! கடவுளுக்குக் காது நல்லாக் கேக்கும்மா. இதுங்க தூங்கணும், தூங்கினாத்தான் வளரும்" என்றாள். அன்றிலிருந்து எங்களுக்குள் அவள் பெயர் உஷ்ஷம்மா. இதை மனுவில் சேர்ப்பதானால், அதே உஷ்ஷம்மா ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் குனிந்து, "கொஞ்சூண்டு வலிக்கும் பட்டு, கோவிச்சுக்காதே" என்று என் பெண்ணிடம் சொல்லிவிட்டுத்தான் குத்துவாள் என்பதையும் அத்தான் சேர்க்க வேண்டும்.

அடுத்தது 'வேறு குழந்தையைக் காட்டி ஏமாற்றினார்.' அக்கா, யாரும் காட்டவில்லை, நானே போய் நின்றேன். மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கில் வைப்பதற்காக என் பெண்ணை எதிர் வரிசைக்கு மாற்றியிருந்தார்கள். நான் தலையைக் குனிந்தபடி பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்தேன். தொப்பி போட்டுத் துணி சுற்றினால் எல்லாமே ஒரே மாதிரி முட்டைக்கோசு. உட்கார்ந்து வீட்டுக் கதை முழுக்கச் சொன்னேன், அத்தான் குறட்டை உட்பட. எழுந்திருக்கும்போதுதான் உஷ்ஷம்மா வந்து, "உங்க பொண்ணு அந்தப் பக்கம்மா. இது பையன்" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று சண்டைக்குப் போனேன். "சொல்லத்தான் வந்தேன். இவனைப் பாக்க யாருமே வரல, அவங்கம்மா வேற வார்டுல கண்ணு முழிக்காமக் கிடக்கறாங்க. நீங்க பேசப் பேச மூச்சு சீரா வந்துச்சு. கூப்பிட மனசு வரல. தப்புதான். வாங்க, உங்க பொண்ணுகிட்ட கூட நேரம் உக்காருங்க" என்று, பார்க்கும் நேரம் முடிந்த பிறகும் என்னை உட்கார வைத்தாள். ஏமாற்றியதாக எழுதினால் அந்தப் பையன்கூட நம்பமாட்டான்.

கடைசி நாளைப் பற்றி அத்தான் ஒரே வரியில் முடித்திருக்கிறார், அவருக்குத் தெரியாது, பாவம். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது, மருந்து கேட்கவில்லை என்று டாக்டர் நின்றுகொண்டே சொன்னார். உஷ்ஷம்மா தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இனிமே நாங்க அவளைக் குத்தப் போறதில்லம்மா. உங்க கையில தரோம்" என்றாள். நான் எழுந்து பழக்கத்தில் குழாயடிக்குப் போய்விட்டேன். பின்னாலேயே வந்து தண்ணீரை நிறுத்தினாள். "இன்னிக்கு வேணாம். வாங்க" என்றாள்.

குழாய் இல்லாத முகத்தை அன்றுதான் பார்த்தேன். மூக்கு உன் மூக்கு, அக்கா. மார்போடு வைத்துக்கொண்டு பிரார்த்தனை சொல்ல வாயைத் திறந்தால் ஒரு எழுத்து வரவில்லை. நான் தினமும் முணுமுணுத்ததைக் கேட்டுக் கேட்டு உஷ்ஷம்மாவுக்குப் பாதி பாடமாகியிருந்தது. தப்பும் தவறுமாக, வரி மாற்றி மாற்றி, அவள்தான் சொன்னாள். நான் திருத்தவில்லை.

வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் நான், எந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்குத் தெரியும். கடவுளிடம் எனக்குக் கேள்வி இருக்கிறது. அதை அவரிடமே கேட்டுக்கொள்கிறேன். அதைத் தூக்கி ஒரு நர்ஸ் பெயரில் எழுதமாட்டேன். மனுவைக் கையெழுத்தில்லாமல் இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அத்தானிடம் பக்குவமாகச் சொல்.

மற்றபடி நான் தேறிவிட்டேன். நீ சொன்னபடி வீட்டிலேயே படுத்து ஓய்வெடுக்கிறேன், அந்த ஆஸ்பத்திரித் தெருப் பக்கம் திரும்புவதில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன். நீ வேலையைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டாம். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். எல்லோரையும் இறைவன் குறையில்லாமல் வைக்கட்டும்.

உன் தங்கை

பி.கு.: ஒட்டுவதற்கு முன் உண்மையை எழுதிவிடுகிறேன். இதை வீட்டிலிருந்து எழுதவில்லை. வார்டுக்குப் பின்னால் தாய்மார்கள் பால் எடுக்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறேன், தினமும் வருகிறேன். எனக்குப் பால் நிற்கவில்லை, அக்கா. நானாகத்தான் போய்க் கேட்டேன். சோதித்துப் பார்த்துவிட்டு, தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். இப்போது கொஞ்சம் குறைய ஆரம்பித்திருக்கிறது. அது நின்றுவிட்டால் காலையில் எழுந்து எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் வந்துவிடு.