இரட்டைக் கோட்டுக் குருவி

வாழ்க்கையில் நான் தப்பாகச் சொன்ன விஷயங்கள் ஏராளம். ஆனால் இருநூறு பேருக்கு முன்னால் மைக்கைப் பிடித்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

எழுபதுகளின் கடைசியில், மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். தற்காலிக வேலை. (தவளையை மாணவர்கள் அறுப்பார்கள், என்னைத் துறைத்தலைவர் அறுப்பார்.) வேலையை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று இந்தக் கதை நடந்த மாதம்தான் முடிவு செய்யவிருந்தார்கள். சோறு இறங்காமல் கழுத்தெலும்பு தெரியத் திரிந்த காலம் அது.

ஒரே ஆறுதல் பறவை பார்ப்பது. வீடு சோழவந்தானில். பக்கத்திலேயே வீரணன் அண்ணனின் வெற்றிலைக் கொடிக்கால். கொடி படர்வதற்காக வரிசையாக அகத்தி நட்டிருப்பார்கள். பனிக்காலத்தில் அந்த அகத்திக்குக் கதிர்க்குருவிகள் வரும். ஒரு தபால் கவரின் கனம்கூட இருக்காது. இமயமலைக் காடுகளில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, குளிர் தொடங்கியதும் இவ்வளவு தூரம் பறந்து வந்து, இலைக்கடியில் பூச்சி பொறுக்கி, கோடையில் திரும்பிப் போகும். அடையாளம் காண்பதுதான் பிராணசங்கடம். எல்லாவற்றுக்கும் பச்சை முதுகு, வெளுத்த வயிறு, புருவத்தில் ஒரு கோடு. இறக்கையில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று இருந்தால் சாதாரண வகை. இரண்டு இருந்தால் நம் பக்கம் வரவே வராத வகை என்றது என் புத்தகம்.

அந்தப் பனிக்காலத்தில் ஒரு நாள் காலை வீரணன் அண்ணன் வெற்றிலையை மென்றபடி வேகமாக வந்தார். கைக்குள் ஒரு குருவி.

"மாப்ள, வாழைநார்ல கால் மாட்டிக் கெடந்துச்சு. நீதான் இதுகளையே பாத்துக்கிட்டுத் திரியிறியே, இந்தா!"

வாங்கிப் பார்த்தேன். இறக்கையில் ஒரு கோடு. அதற்குக் கீழே, பளிச்சென்று இன்னொரு கோடு.

அன்றைக்குப் பதினொரு மணிக்கு எங்கள் கல்லூரியில் சென்னையிலிருந்து ஒரு பறவை ஆய்வாளர் அம்மா பேசவிருந்தார். இந்தக் குருவியைக் காட்டினால் வேலை என்ன, துறையே எனக்குத்தான் என்று மனம் கணக்குப் போட்டது. கால் சரியாகிவிட்டதா, அங்கேயே பறக்க விடலாமா என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. (அதை நினைத்தால்தான் இன்றும் வெட்கம்.)

செருப்புப் பெட்டியில் ஓட்டை போட்டு, குருவியை உள்ளே வைத்தேன்.

"மதுரைக்கு இலைக்கட்டு கொண்டு போகணும். நானும் வாரேன்" என்று அண்ணனும் பஸ் ஏறினார்.

கோச்சடை வரும்போது பெட்டிக்குள் சத்தம் நின்றுவிட்டது. திறந்தால் பறந்துவிடும். திறக்காவிட்டால் செத்ததா இருக்கிறதா என்று தெரியாது. மலையெல்லாம் தாண்டி வந்த உயிர் என் மடியில் செருப்புப் பெட்டிக்குள் போய்ச் சேரவா? பெட்டியில் காதை வைத்தேன்.

"அண்ணே, டிரான்சிஸ்டரா? ஸ்கோர் எம்புட்டு?" என்றார் கண்டக்டர்.

"உயிர் இருக்கான்னு பாக்குறேன்."

அவர் அதற்குப் பிறகு எங்கள் சீட்டுப் பக்கமே வரவில்லை.

அரங்கில் அந்த அம்மா பேசி முடித்ததும், துறைத்தலைவர் நன்றி சொல்வதற்குள் நான் மேடையேறி மைக்கைப் பிடித்தேன். "இதுவரை மதுரை வட்டாரம் காணாத ஒரு விருந்தாளியை..." என்று தொடங்கி ஐந்து நிமிடம். 'கண்டுபிடிப்பு' என்ற சொல்லை நான்கு தடவை பயன்படுத்தியதாகப் பின்னால் சொன்னார்கள்.

பெட்டியைத் திறந்தேன். நல்லவேளை, குருவி கண்ணைச் சிமிட்டியது. அந்த அம்மா அதை இரண்டு விரலுக்கிடையே பூப்போலப் பிடித்து, இறக்கையை விரித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

அலுவலகத் தட்டச்சர் செல்வி டம்ளரோடு வந்தாள். (பிறகு அவளையே கல்யாணம் செய்துகொண்டேன். சாட்சியை வீட்டிலேயே வைத்துக்கொண்ட புத்திசாலி நான்.) அந்த அம்மா கைக்குட்டை நுனியை நனைத்து மெல்ல ஒரு துடைப்பு. இரண்டாவது கோட்டைக் காணோம்.

வாசலில் இலைக்கட்டோடு நின்ற வீரணன் அண்ணன் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது: "அட, அது நம்ம வெத்தலைச் சுண்ணாம்புல்ல! வெரல்ல இருந்துச்சு மாப்ள!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. துறைத்தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த அம்மாவும் சிரிக்கவில்லை.

"இது குளிர்காலத்துல எல்லாத் தோப்புக்கும் வர்ற குருவிதான் தம்பி. இதோட குரலைக் கேட்டிருக்கீங்களா?" என்றார். கேட்டபடியே வாசலைப் பார்த்து நடந்தார். "வாங்க, முதல்ல இதை விடுவோம்."

வெளியே வேப்பமரத்தடியில் கையைத் திறந்தார். குருவி விருட்டென்று மேலேறி, இலைக்குள் மறைந்து, 'ட்சிஸ்லி' என்றது. தினமும் காலையில் நான் கேட்டுக் கேட்டு, ஏதோ சிட்டு என்று தள்ளிவிட்ட அதே குரல்! அது உயிரோடு கத்தியதில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவமானத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அதுவும் பொய்யில்லை.

வேலை அந்த வருடம் நிரந்தரமாகவில்லை. இன்னும் மூன்று வருடம் தவளைகளோடு கிடந்தேன். எங்கள் கல்யாணத்துக்கு வெற்றிலை கொண்டுவந்த வீரணன் அண்ணன், பந்திக்குப் பந்தி இந்தக் கதையையும் பரிமாறினார். அதிலிருந்து வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், "தொடச்சுப் பாத்தீங்களா?" என்பதுதான் செல்வியின் கேள்வி. பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள்.

போன மாதம் ஒரு காலை, எதிரே இருப்பதெல்லாம் புகைமூட்டமாகத் தெரிந்தது. கண்ணில் புரை முற்றிவிட்டது, ஆபரேஷன்தான், எனக்குப் பிறகு இந்த வீடு என்னாகுமோ என்று புலம்பித் தீர்த்தேன். செல்வி வந்து என் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டுக் காப்பி போடப் போய்விட்டாள்.