வீணாகக் கூடாத இருபத்தெட்டு சதவீதம்

மூன்றாவது முறையாகக் கையில் கல்லூரி விருப்பப் பட்டியல் அச்சடித்த காகிதத்தோடு வீடு திரும்பினார் வஜ்தி. எகிப்தின் ஸகாஸீக் ஊர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். மகள் ரவான் பொதுத் தேர்வில் தொண்ணூற்று மூன்று சதவீதம் வாங்கித் தொலைத்ததிலிருந்து மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"பாத்துக்கோ. பல் மருத்துவம்தான் முதல் விருப்பம். ஜெராக்ஸ் கடை உம்மு ஹைஸம் கம்ப்யூட்டர்ல மாத்தி, அச்சடிச்சும் குடுத்துட்டாங்க."

"ரத்தத்தைப் பாத்தாலே மயங்கி விழுறவ பல்லு பிடுங்குவாளா?" என்றாள் மனைவி ஸப்ரீன். "மருந்தியல் போடுங்க."

ரவானுக்கு வேண்டியது உள்ளூர் விவசாயக் கல்லூரி. தேனீ வளர்ப்பு படிக்க ஆசை. மொட்டை மாடியில் இரண்டு பெட்டி வைத்திருக்கிறாள். அந்தக் கல்லூரிக்கு அறுபத்தைந்து சதவீதமே போதும் என்பதுதான் வஜ்தியின் வயிற்றெரிச்சல்.

"மிச்சம் இருபத்தெட்டைக் குப்பையில கொட்டவா? தெருவுல சிரிக்க மாட்டாங்க?"

"உங்க இஷ்டம் பாபா." ரவான் பூசணி விதையைக் கொறித்துக்கொண்டே சொன்னாள். சண்டை போட்டிருந்தாலாவது அவருக்குத் தூக்கம் வந்திருக்கும்.

மருந்தியலுக்கு மாற்றிவிட்டு வந்தால், மைத்துனன் பஹ்ஜத் காத்திருந்தான்.

"மருந்தியலா? தெருவுக்கு நாலு மருந்துக் கடை இருக்கு மச்சான்! கெய்ரோல கணினிப் படிப்பு போடுங்க. தரவரிசைல அதுதான் உசத்தி."

மாற்றினார். "கெய்ரோல என் பொண்ணுக்கு யாரு சோறாக்கிப் போடுவா?" என்று ஸப்ரீன் அழுதாள். மறுபடி பல் மருத்துவம். அவருக்குத் தெரியாமல் ஸப்ரீன் போய் மருந்தியல் ஆக்கினாள். இப்போது வீட்டில் ஏழு காகிதம். எது கடைசி என்று யாருக்கும் தெரியவில்லை.

கடைசி நாள். மாலை ஏழு மணிக்குப் பதிவு முடிகிறது. மகளிடமே கேட்டுவிடலாம் என்று மாடி ஏறிய வஜ்தியின் மூக்கில் ஒரு தேனீ கொட்டியது.

"கிள்ளாதீங்க பாபா, விஷம் ஏறிடும்!" ரவான் ஓடிவந்து நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எடுத்தாள். பிறகு பெட்டியைத் திறந்து, ராணியைக் காட்டி, மூச்சுவிடாமல் பேசினாள். முடிவு வந்த நாளிலிருந்து அவள் இவ்வளவு பேசியதே இல்லை. இவளை ஐந்து வருஷம் முகம் சுளித்தபடி உட்காரவைக்கப் பார்த்தோமே என்று வஜ்திக்கு வெட்கமாகிவிட்டது.

ஒரு கால் தன் செருப்பிலும் மறுகால் மனைவி செருப்பிலுமாக ஓடினார். ஆறு நாற்பதுக்குக் கடைக்குள் நுழைந்தார்.

"விவசாயம்! முதல் விருப்பம் விவசாயம்! சீக்கிரம்மா!"

உம்மு ஹைஸம் தட்டினாள். காகிதம் வந்தது. வஜ்தி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மூக்கு கத்தரிக்காயாக வீங்கியிருந்தது, கண்ணில் தண்ணீர்.

"நல்லவேளை, இருபது நிமிஷம் மிச்சம். என் பொண்ணு வாழ்க்கையை நான் காப்பாத்திட்டேன்!"

"பதறாதீங்க அபூ ரவான்," என்றாள் உம்மு ஹைஸம். "அவ மொத நாளே விவசாயம்னு பதிஞ்சுட்டு, 'வீட்டுலேருந்து யார் வந்து எதைக் கேட்டாலும் காகிதத்துல மட்டும் அடிச்சுக் குடுங்க அத்தை'ன்னு சொல்லிட்டுப் போயிட்டா."