பேச்சுத்துணை: பூஜ்யம்

ஃபிரிட்ஜ் கதவில் மகள் ஒட்டியிருந்த அட்டவணையைக் கடிகாரக்காரர் மூன்றாவது முறையாகப் படித்தார். கடையில் பல்சக்கரம் பார்க்கும் லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டுதான் படித்தார். ஆனாலும் எண் மாறவில்லை.

பொருளாதாரம் படிக்க இரண்டு பேர்பெற்ற பல்கலைக்கழகங்கள் அவளை அழைத்திருந்தன. ஒன்று ரயிலில் பதினாறு மணி நேரம். மற்றது பேருந்தில் நாற்பது நிமிடம், வீட்டிலிருந்தே போய் வரலாம். சனிக்கிழமைக்குள் ஒன்றுக்குச் சம்மதம் சொல்லியாக வேண்டும்.

பேராசிரியர்கள், நூலகம், விடுதி எல்லாவற்றிலும் தூரத்துக்காரர்களே முன்னால் நின்றார்கள். கடைசி வரிசைதான் காலை வாரியது. பேச்சுத்துணை: பக்கத்தில் ஏழு, தூரத்தில் பூஜ்யம்.

"என்னம்மா இது, ஒரேயடியா பூஜ்யம்?"

"படிப்பு மட்டும் போதுமாப்பா? நாலு மனுஷங்களும் வேணும்ல?"

மனைவி போன பிறகு அந்த வீட்டின் அழைப்பு மணி மீட்டர் பார்ப்பவருக்காக மட்டுமே அடித்திருக்கிறது. இப்படி வளர்த்தால் பிள்ளை எப்படி யாரோடும் பழகும்? எல்லாம் தன் தப்புதான்.

முதலில் தூரத்துப் பல்கலைக்கழகத்துக்கே ஃபோன் போட்டார்.

"அங்க பிள்ளைங்க ஒருத்தரோட ஒருத்தர் நல்லாப் பேசுவாங்களா?"

"சார், இது சேர்க்கைப் பிரிவு."

"சரி, நீங்களாவது பேசுவீங்களா?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது. பூஜ்யம் சரிதான் போலிருக்கிறது என்று அவர் முடிவுகட்டினார்.

அடுத்து வீட்டிலேயே பயிற்சி. மாடிவீட்டுக் குழாய் ரிப்பேர்க்காரரை அழைத்து வந்தார். "எம்பொண்ணுகிட்ட சும்மா பேச்சுக் கொடுங்க. கூச்சம் தெளியட்டும்."

"வணக்கம் மாமா, உட்காருங்க, படிக்கணும்" என்று மகள் அறைக்குள் போய்விட்டாள். வந்தவரை வெறுமனே அனுப்ப மனமில்லாமல் அவர் சதுரங்கப் பலகையை எடுத்து வைத்தார்.

மறுநாள் ஆட்டம் சூடுபிடித்துக் கூச்சல் எழ, கீழ்வீட்டுத் தையல்காரம்மா சண்டை போட மேலே வந்தார். "யானையை அங்க போய் வைப்பாங்களா?" என்று திட்டியபடியே உட்கார்ந்துவிட்டார். மகளோ கதவைத் தாழிட்டுக்கொண்டாள். உள்ளே அவள் கலகலவென்று சிரித்துப் பேசுவது கேட்டது. ஃபோனில் அவளைக் கூப்பிட யார் இருக்கிறார்கள்? குழந்தை தனியாகப் பேசவே ஆரம்பித்துவிட்டாள் என்று கடிகாரக்காரர் கதிகலங்கிப்போய் அந்த ஆட்டத்திலும் தோற்றார்.

வெள்ளிக்கிழமை காலை பால் எடுக்கப் போனவர் அசந்து நின்றார். தூரத்துக் கட்டத்தில் பூஜ்யம் அடிக்கப்பட்டு, ஐந்து என்று எழுதியிருந்தது.

சனிக்கிழமை அவள் தூரத்துப் பல்கலைக்கழகத்துக்குச் சம்மதம் அனுப்பினாள். "போய்ட்டு வரட்டுமாப்பா?" என்றாள். "ராணி மாதிரி போம்மா" என்றவர், லென்ஸைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் காய்களை அடுக்கும்போது அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா நம்ம பயிற்சியை? நாலே நாள்ல கூச்சம் போயிடுச்சு. பேச்சுத்துணைக்கு அஞ்சு!"

குழாய்க்காரர் குதிரையை நகர்த்தினார்.

"அட நீங்க வேற! வாரத்துல மூணு நாள் நான், ரெண்டு நாள் தையல்காரம்மா, தவறாம உங்க வீட்டுக்கு வருவோம்னு சத்தியம் வாங்கிக்கிட்ட அப்புறந்தாங்க உங்க பொண்ணு அந்தப் பூஜ்யத்தையே அடிச்சுது."