தாள் சுற்றிய விமானங்கள்

நவம்பர் 26, புதன். இன்றைய சின்னத் தப்பு: அலுமினியத் தாள் ஒரே ஒரு சுருள்தான் கொண்டுவந்தேன்.

வேனின் முகப்பில் குறிப்பேட்டை வைத்து இவ்வளவு எழுதிய டெஸ்ஸா வோல்மர், 'சின்ன' என்ற சொல்லை அடித்துவிடலாமா என்று யோசித்தாள். முதல் விமானத்துக்கே பாதிச் சுருள் போயிருந்தது. ஓடுபாதை ஓரமாகத் தகரக் கொட்டகைகள் இன்னும் வரிசையாக நின்றன.

பகலில் மாட்டுத்தீவனக் கடை, மாலையில் தொண்டர் விமானக் குழுவின் மீட்பு வகுப்பு. இதுதான் அவள் வாழ்க்கை. தேடும் அணிக்குத் தலைவியாகும் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தாள். இரண்டு முறையும் ஒரே காரணம்: 'முடிவெடுக்கத் தயங்குகிறார்.' இன்று மூன்றாவது வாய்ப்பு. தேர்வாளரான கேப்டன் பென்னிங்டன் பக்கத்தில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். குழுவில்தான் கேப்டன், ஊருக்குப் பல் மருத்துவர்.

மதியம் மேலே பறந்துபோன பயணிகள் விமானம் ஒன்று, இந்த ஹார்லன் கிரீக் பக்கம் ரேடியோவில் அபாய ஒலி கேட்பதாகச் சொல்லியிருந்தது. விமானம் மோதி விழுந்தால் ரேடியோவில் தானாகக் கத்தும் பெட்டி ஒன்று ஒவ்வொரு விமானத்திலும் உண்டு. ஆனால் பெரும்பாலும் யாரும் விழுந்திருக்க மாட்டார்கள். யாரோ தொப்பென்று இறக்கிவிட்டு, விமானத்தைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். பெட்டி மட்டும் கொட்டகைக்குள் உட்கார்ந்து கத்தும். உரிமையாளர் வரும்வரை ஆன்டெனாவைச் சமையலறை அலுமினியத் தாளால் சுற்றி அதன் வாயை அடைப்பது குழுவின் வழக்கம்.

ஒலி வரும் திசையை முள்ளால் காட்டும் கருவியை டெஸ்ஸா கையில் பிடித்திருந்தாள். "முள் எங்க காட்டுது?" என்றார் கேப்டன்.

"மூணாவது கொட்டகை, கேப்டன். அப்படித்தான்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா, தெரியுமா? கையில குறடோட நிக்கிற டாக்டர் 'இந்தப் பல்லுதான்னு நினைக்கிறேன்'னு சொன்னா, நீ வாயைத் திறப்பியா?"

டெஸ்ஸா வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது கொட்டகை விமானத்தைச் சுற்றினார்கள். கையிலிருந்த கருவி தொடர்ந்து 'வீய்ங்... வீய்ங்...' என்றது. முள் ஐந்தாவதைக் காட்டியது. அதைச் சுற்றியதும் இரண்டாவதுக்குத் திரும்பியது. தகரச் சுவர்களில் பட்டு ஒலி எல்லாப் பக்கமும் தெறித்தது.

"மேம், தாள் தீர்ந்துபோச்சு," என்றாள் மேவிஸ். பதினைந்து வயசு, குழுவின் மாணவி, வாய் கொஞ்சம் நீளம். "கடையிலயும் இருக்காது. நாளைக்கு நன்றி நாள் விருந்து, வீட்டுக்கு வீடு வான்கோழி. ஊர்ல இருக்கிற தாள் எல்லாம் இப்ப அடுப்படியில."

டெஸ்ஸா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போன் போட்டாள். திருமதி ஆஸ்ட்ராண்டர் ஒரு பெரிய சுருளோடு சிரித்தபடி வந்தார். பின்னாலேயே கணவர் க்ளைடு சிரிக்காமல் வந்தார்.

"என்னம்மா இது? என் விமானத்தை அடுப்புல வைக்கப் போறியா?"

"இல்லீங்க சார், அபாய ஒலி வருது. உங்களோடதா இருக்கலாம்னு..."

"என் வான்கோழிக்கு வெச்சிருந்த தாள் அது!"

"உங்க வீட்டம்மாதான் குடுத்தாங்க."

"அவ எதைத்தான் குடுக்கல? போன வருஷம் நான் உக்காந்திருந்த நாற்காலியை சர்ச்சுக்குக் குடுத்தா."

"எழுந்திருக்கச் சொல்லிட்டுத்தானே குடுத்தேன்," என்றார் அந்த அம்மாள்.

கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. 'தயங்குகிறார்' என்று மறுபடியும் எழுதிவிடுவாரோ என்று டெஸ்ஸா பயந்தாள்.

"முள்ளை நம்ப வேண்டாம்," என்றாள் சட்டென்று. "எல்லா விமானத்தையும் சுத்திடுவோம்."

"அப்படிப் போடு!" என்றார் கேப்டன்.

அந்த அவசரத்தில் க்ளைடின் ஆன்டெனா டக்கென்று முறிந்தது. அவர் சொன்னதைக் கேட்டு மேவிஸ் ஒரு புது வார்த்தை கற்றுக்கொண்டாள். கொட்டகை கொட்டகையாக விமானங்கள் வெள்ளிக் கொம்பு முளைத்து நின்றன. ஒலி மட்டும் அடங்கவில்லை.

கடைசிக் கொட்டகையைத் திறந்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை.

"அப்பாடா! இதுக்குத் தாள் வேண்டாம்," என்றாள் மேவிஸ். எல்லோரும் சிரித்தார்கள். க்ளைடு கூட.

'வீய்ங்... வீய்ங்...'

கருவியில் கோளாறா, தன்னிலேயே கோளாறா என்று டெஸ்ஸாவுக்குத் தெரியவில்லை. இரண்டும் இருக்கும் என்று தோன்றியது.

"இங்க பாரு," என்றார் கேப்டன், முதல்முறையாகக் கனிவாக. "இருக்கிற விமானம் எல்லாத்தையும் பாத்தாச்சு. உன் கருவிக்குப் பைத்தியம். தலைமையகத்தைக் கூப்பிட்டு 'யாருக்கும் ஆபத்தில்லை'ன்னு சொல்லி முடி. சொன்ன அடுத்த நிமிஷம் உன் தேர்வு அட்டையில கையெழுத்துப் போடறேன்."

இதற்காக எத்தனை மாலைகள்! டெஸ்ஸா இந்த முறை தயங்கவில்லை. வேனுக்குப் போய் ரேடியோ மைக்கை எடுத்தாள்.

அப்போது விமானத்திடல் உணவகத்தைப் பூட்டிவிட்டு பெர்னடீன் வந்தாள். கையில் அலுமினியத் தாள் மூடிய ஒரு தட்டு.

"மேம், இன்னும் கொஞ்சம் தாள் வருது!" என்று கத்தினாள் மேவிஸ்.

"இதுல கை வெச்சே, பிச்சுப்புடுவேன்," என்றாள் பெர்னடீன். "கடைசிக் கொட்டகைக்காரரோட பர்கர் இது. அந்த லீலண்ட் எங்கப்பா? மத்தியானம் 'பர்கரைப் போடு, வேகறதுக்குள்ள மேல ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்'னு கிளம்பினார். பர்கர் ஐஸா ஆறிப்போச்சு, மனுஷன் இன்னும் இறங்கல!"

கேப்டனின் கோப்பை பாதி வழியில் நின்றது. மைக்கில் டெஸ்ஸா சொன்ன முதல் வார்த்தை "காணோம்."

நவம்பர் 27, வியாழன், செய்ய வேண்டியவை: எல்லா விமானங்களிலிருந்தும் தாளை உரிக்க வேண்டும். க்ளைடுக்குப் புது ஆன்டெனா. மாலையில் மருத்துவமனை. நேற்றிரவு தேடிக் கண்டுபிடித்த லீலண்டுக்குத் தாடையில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். பர்கர் வேண்டாம், சூப்.