மூட்டை அமுக்கிய பொத்தான்

டீம் லீடரின் அட்டைக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. வாசல் தடுப்பு அசையவில்லை. அட்டையைச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்பு.

அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி மூட்டை வந்தான். அலுவலகத்தில் அவனுக்கு அதுதான் பெயர். இந்தப் பெரிய கம்பெனியில் டெஸ்டிங் பயிற்சிக்குச் சேரும் முன்பு மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவன். முதல் நாள் அறிமுகத்தில் அதை வெள்ளந்தியாகச் சொல்லித் தொலைத்தான், ஒட்டிக்கொண்டது. இந்த வெள்ளிக்கிழமையோடு பயிற்சி முடிகிறது. அவனை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது டீம் லீடரின் தலையாட்டலில் இருந்தது. அவர் தலையை ஆட்டாவிட்டால் மறுபடி அதே மார்க்கெட், அதே லாரி, அதே முதுகுவலி.

"உன் அட்டை வேலை செய்யுதா?" என்றார் டீம் லீடர்.

வைத்துக் காட்டினான். பச்சை. அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, நேற்று அவன் எதையாவது அமுக்கினானா என்று கேட்டார்.

மூட்டை அமுக்கியிருந்தான்.

கம்பெனி தன் ஊழியர் பதிவேட்டுக்குப் புது மென்பொருள் செய்துகொண்டிருந்தது. அதன் நகல் ஒன்றை டெஸ்டிங் ஆட்களிடம் கொடுத்திருந்தார்கள். அதில் இருக்கும் பெயர்கள் நிஜம், ஆனால் அதற்குள் என்ன செய்தாலும் வெளியே ஒன்றும் ஆகாது, பயப்படாமல் போட்டு உடை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நேற்று சாயங்காலம் மூட்டையின் பங்குக்கு வந்தது பணிநீக்கப் பொத்தான். யார் பெயரில் அமுக்கிப் பார்ப்பது? அன்று மதியம்தான், நீ கண்டுபிடித்த ஒரே கோளாறு காபி மெஷினில்தான் என்று டீம் லீடர் எல்லார் முன்னாலும் அவன் மானத்தை வாங்கியிருந்தார். உறுதியாகத்தானா என்று திரை கேட்டது. ஆமாம் என்று ஆசை தீர இரண்டு தரம் அமுக்கினான்.

"நகல்லதான் சார் அமுக்கினேன்."

"எதை?"

"உங்களை."

கன்னத்தில் ஒன்று விழும் என்று மூட்டை கண்ணை மூடிக்கொண்டான். விழவில்லை. தோளில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. உண்மையைச் சொன்னாயே, அது போதும், வா சரி பண்ணலாம் என்றார் டீம் லீடர். இத்தனை மாதத்தில் அந்த வாயிலிருந்து அவன் கேட்ட முதல் நல்ல வார்த்தை. அடித்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்கமாட்டான்.

உள்ளே ஓடினான். நகலைத் திறந்து டீம் லீடரைப் புதிதாகச் சேர்த்தான். கீழே ஓடிவந்து அட்டையை வைக்கச் சொன்னான். சிவப்பு. மேலே ஓடி, பிறந்த தேதியோடு சேர்த்தான். சிவப்பு. போட்டோவோடு சேர்த்தான். சிவப்பு. இப்போது நகலுக்குள் மூன்று டீம் லீடர்கள் இருந்தார்கள். வாசலில் இருந்த ஒருவரால் உள்ளே வர முடியவில்லை.

விருந்தினராக அழைத்துப் போ என்று வழி சொன்னதும் டீம் லீடர்தான். மூட்டை பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டான். காவலாளி 'விருந்தினர்' என்ற வில்லையை அவர் கழுத்தில் மாட்டிவிட்டு, விருந்தினரை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக்கூடாது என்று மூட்டையிடம் கண்டிப்பாகச் சொன்னார். ஆகவே டீம் லீடர் கழிவறைக்குப் போனபோது மூட்டை கதவுக்கு வெளியே காவல் நின்றான். போகிறவர் வருகிறவரெல்லாம் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அவருடைய கம்ப்யூட்டர் அவரைத் தெரியாது என்றது. அதனால் மூட்டையின் நாற்காலியில் உட்கார்ந்து, மூட்டையின் கம்ப்யூட்டரில் மெயில்களை எட்டிப் பார்த்தார். மூட்டை பக்கத்தில் நின்றான். சரக்கு லாரி வரும்வரை நின்று பழகிய கால்தான்.

"இது உன்னால இங்க முடியாது. ஹெச்.ஆர்.ல போய்ச் சொல்லணும்," என்றார் டீம் லீடர்.

"நீங்களே சொல்லிடுங்க சார்."

"நான் சொன்னா பதவிக்காகப் பேசறேன்னு நினைப்பாங்க. அமுக்கினவன் சொன்னாத்தான் நம்புவாங்க."

ஹெச்.ஆர். மேடம் திரையைத் தட்டிப் பார்த்தார். "இவர் நேத்தோட இல்லையே."

"இதோ இருக்காரே மேடம்."

"ஆள் இருக்கார் தம்பி. கம்ப்யூட்டர்ல இல்லை. யார் நீக்கினது?"

மூட்டை வகுப்பறையில் தூக்குவதுபோலக் கையைத் தூக்கினான்.

மேடம் மேல் தளத்துக்குப் போன் போட்டார். நாங்கள் யாரையும் நீக்கவில்லை, பெயர்கள் மேலேயிருந்து வரும், நாங்கள் அனுப்பி வைப்போம், அவ்வளவுதான் என்றார்கள். அதற்கு மேல் தளத்திலும் அதே பதில். கடைசித் தளத்தில் எடுத்தவரும் பெயர் மேலேயிருந்துதான் வந்திருக்கும் என்றார். அதற்கு மேல் மொட்டைமாடிதான் இருந்தது.

"அப்போ தம்பியேதான்," என்று மேடம் முடிவுக்கு வந்தார்.

நடந்ததை எழுதித் தரச் சொன்னார். நான்தான் அமுக்கினேன், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை என்று மூட்டை எழுதினான். டீம் லீடர் குனிந்து நின்று பிழை திருத்திக் கொடுத்தார். மேடம் ஏதோ நாலு தட்டுத் தட்டினார். டீம் லீடர் அறை வாசலில் அட்டையை வைத்துப் பார்த்தார். பச்சை.

மூட்டைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வணக்கம் வைத்துவிட்டு எழுந்தான்.

"நீங்க உட்காருங்க தம்பி," என்றார் மேடம். "நகல்ல இருந்தே நிஜ ஆளைத் தூக்கின கை இது. நாளைக்கு முதலாளியைத் தூக்கினா நான் யாருக்குப் பதில் சொல்றது? உங்க பயிற்சி இன்னியோட முடிஞ்சுது."

மூட்டை டீம் லீடரைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை ஆட வேண்டிய தலை அது.

"சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

டீம் லீடர் விருந்தினர் வில்லையைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார். "நான் என்னப்பா சொல்றது? நானே இப்பத்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கேன்."

வாசலில் காவலாளி அட்டையை வாங்கிக்கொண்டார். மூட்டைக்குக் கால் நகரவில்லை. மகனுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? இந்த வயதிலேயே என்னப்பா ஆச்சு என்று காவலாளி கேட்டதுதான் தாமதம், பொத்தான் அமுக்கியதிலிருந்து ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தான்.

காவலாளி அவனைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார்.

"நேத்து காலையிலேயே எங்களுக்கு உத்தரவு வந்துருச்சு தம்பி, உங்க டீம் லீடரை நாளையில இருந்து ஊழியரா உள்ளே விடாதீங்கன்னு," என்றார். "இன்னிக்கு விடிஞ்சதுல இருந்து உள்ள போற ஒவ்வொருத்தரையும் நிறுத்தி, 'நேத்து எதையாவது அமுக்கினியா'ன்னு கேட்டுக்கிட்டே நின்னாரு. ஆமான்னது நீ ஒருத்தன்தான்."