பீரோக் கதவு போட்ட கிடார்

தன் மனைவியின் பீரோவைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையேறிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் விழுப்புரத்தில் இருந்தார். பகலில் எரிந்துபோன பம்புசெட்டு மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டினார். சாயங்காலமானால் எங்கள் மெல்லிசைக் குழுவில் எலக்ட்ரிக் கிடார் வாசித்தார். இரண்டு வேலையிலும் புகை வந்த நாட்கள் உண்டு.

அவர் பெயர் டாப்பு. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் அச்சானதோடு அதன் உபயோகம் முடிந்துவிட்டது.

எண்பதுகளின் நடுவில் நான் அந்தக் குழுவின் அறிவிப்பாளன். பாடவும் வராது, வாசிக்கவும் வராது, ஆனாலும் மேடையில் நிற்க வேண்டும் என்கிறவனுக்கு மெல்லிசைக் குழுக்கள் கொடுத்துவந்த பதவி அது. குழுவின் தலைவர் ஆர்மோனியம் வாசிப்பவர். அவரை நாங்கள் ஆர்மோனியம் என்றே சொல்வோம். டாப்புவின் கிடார் சத்தத்தைக் குறைப்பதே அவருடைய வாழ்நாள் லட்சியம். ஒவ்வொரு பாட்டுக்கு நடுவிலும் எழுந்து வந்து கிடாரின் வால்யூம் திருகைக் குறைத்துவிட்டுப் போவார். டாப்பு அதைத் திரும்ப ஏற்றுவார். கச்சேரி கேட்க வந்தவர்கள் பெரும்பாலும் இதைத்தான் பார்த்தார்கள்.

அந்தக் கிடார் மெட்ராஸ் குழு ஒன்றில் வாசித்தவரிடமிருந்து கைமாறி வந்தது. தீயணைப்பு வண்டியின் சிவப்பு. ஃபாரின் சரக்கு என்று டாப்பு சொல்வார். ஆம்ப்ளிஃபயர் மட்டும் அவரே செய்தது. அதற்கு வால்யூம் திருகே கிடையாது. கேட்டால், "அதான் கிடார்லயே கீதே" என்பார்.

இப்படி நாங்கள் ஓரளவு நிம்மதியாக இருந்தபோது, புதுச்சேரிப் பக்கம் தோட்டம் போட்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் எரிந்துபோன மோட்டாரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு விழுப்புரம் வந்து சேர்ந்தார். ஜீப்பின் பின்சீட்டில் ஒரு கிடார் கிடந்தது. அதன் முகத்தில், ஒரே பலகையை இரண்டாகப் பிளந்து புத்தகத்தை விரித்தாற்போல ஒட்டியிருந்தார்கள். இடப்பக்கத்து ரேகை வலப்பக்கத்தில் கண்ணாடியில் தெரிவதுபோல அப்படியே இருந்தது. உள்ளே சாதாரண மரம்தான், மேலே மட்டும் அழகுக்கு ஒரு டாப் என்று வெள்ளைக்காரர் கையைக் காலை ஆட்டி விளக்கினார். நம்மவருக்குப் பிடிபட்டது அந்த ஒரு சொல்தான். அன்றைக்கு அவர் கட்டிக்கொடுத்த மோட்டார் எதிர்த்திசையில் சுற்றியதாகக் கேள்வி.

மறுநாளிலிருந்து யாரைப் பார்த்தாலும் டாப்பு, டாப்பு என்றே பேச்சு. பெயர் ஒட்டிக்கொண்டது அப்போதுதான்.

"அண்ணா, கரண்டுல வாசிக்கிற கிடாருக்கு மேல எந்த மரம் இருந்தா இன்னா?" என்று கேட்டேன்.

"மைக்குல கத்தறவனுக்கு இன்னாபா தெரியும்? சவுண்டே மரத்துலேர்ந்துதான் வருது. கரண்டு அத்த வெளிய இட்டுக்கினு வருது, அவ்ளோதான்."

அவருடைய ஆம்ப்ளிஃபயர் சும்மா இருக்கும்போதே மாவு மில் போல உறுமும். அந்த உறுமலுக்கு நடுவே மரத்தின் குரலைப் பிரித்துக் கேட்கத் தெய்வீகமான காது வேண்டும். அவருக்கு அது இருந்தது.

முதல் வேலையாகப் பழைய பெயிண்டைச் சுரண்டினார். சிவப்புக்குக் கீழே பச்சை. பச்சைக்குக் கீழே நீலம். நீலத்துக்குக் கீழே விரல் கனத்துக்குப் பட்டிப் பூச்சு. அதையும் சுரண்டினால் பேக்கிங் பெட்டிப் பலகைத் துண்டுகள். ஒரு துண்டில் அம்புக்குறி போட்டு 'இந்தப் பக்கம் மேலே' என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. டாப்பு வெகுநேரம் அந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை ஆசையாக இருந்தது அந்த நிமிடத்திலிருந்து மானப் பிரச்சினையாகிவிட்டது.

நல்ல மரத்துக்கு அவர் அலைய வேண்டிய அவசியமே இல்லை. மாமனார் திண்டிவனத்தில் மரவாடி வைத்திருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் பஸ்ஸில் போட்டு அனுப்பியிருப்பார். ஆனால் கல்யாணத்தின்போது அவர், "இந்தக் கிடாரு வாசிச்சா சோறு வருமா மாப்ள?" என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து மாமனாரிடம் கை நீட்டுவதில்லை என்று டாப்புவுக்கு வைராக்கியம். அந்த வைராக்கியத்தோடு, மாமனார் சீராகக் கொடுத்த ஈட்டிமர பீரோவை அறுத்தார். கொடுக்காததைக் கேட்டால்தான் மானம் போகும், கொடுத்ததை அறுத்தால் போகாது என்பது அவருடைய சட்டம்.

அறுக்கத் தோதாக அவர் மனைவி மல்லிகா அப்போது ஊரில் இல்லை. தாயாருக்குக் கண் ஆபரேஷன் என்று திண்டிவனம் போயிருந்தார். போகும்போது, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி பீரோச் சாவியைக் கணவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

பீரோவுக்கு இரட்டைக் கதவு. ஒரே பலகையைப் பிளந்து செய்தது. வெள்ளைக்காரர் கிடாரில் இருந்த அதே மாதிரி ரேகை. கதவுகளைக் கழற்றி அறுத்திருந்தாலாவது ஒரு நியாயம் உண்டு. டாப்பு பீரோவை மல்லாக்கச் சாய்த்து, கதவைச் சாத்தி, நடுவில் கிடாரைப் படுக்கவைத்து பென்சிலால் கோடு போட்டு, அந்த வடிவத்தை மட்டும் அறுத்து எடுத்தார். பீரோ நடுவில் எட்டு போல ஓர் ஓட்டை விழுந்தது. அதன் வழியாகப் பட்டுப்புடவைகள் வீதியைப் பார்த்தன.

சாவித்துவாரமும் அதன் பித்தளைத் தகடும் அறுத்த துண்டோடு வந்துவிட்டன. "அத்தச் சுத்திதான்பா ரேகை அமோகமா கீது," என்று அவற்றை அப்படியே விட்டுவிட்டார். இழைத்து மெலிதாக்கவும் மறுத்தார், ரேகை போய்விடுமாம். விளைவாக, பொருத்திப் பார்த்தபோது பலகையின் கனத்தில் கிடாரின் தந்திகள் முக்கால்வாசி மரத்துக்குள் புதைந்தன. கழுத்துக்கு அடியில் கட்டை கொடுத்துத் தூக்கினார். வால்யூம் திருகு மேலே எட்டவே இல்லை. அங்கேதான் அவருடைய மூளை வேலை செய்தது. திருகைச் சாவித்துவாரத்துக்கு நேர் கீழே நகர்த்தி, அதன் முனையை பீரோச் சாவி கவ்விக்கொள்ளும்படி அரத்தால் ராவினார். இனி சாவி போட்டால்தான் சத்தம் ஏறும், இறங்கும்.

"ஆர்மோனியத்துக்கு இனிமே வேல கிடையாது," என்றார் என்னிடம். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

ஒட்டுவதற்கு, மாட்டுத்தோலிலிருந்து எடுக்கிற வஜ்ரப்பசையைக் காய்ச்சினார். அந்த நாற்றத்துக்குத் தெருநாய்கள் எல்லாம் கடை வாசலில் கூடிவிட்டன. ஒட்டிய பலகையை இறுக்கிப் பிடிக்க அவரிடம் கருவி கிடையாது. கடையில் இருந்த மோட்டார்களை வரிசையாகக் கிடாரின் மேல் ஏற்றி வைத்தார். எல்லாம் விவசாயிகளுடையவை. வேலை முடிந்து, வீட்டுக்குப் போகக் காத்திருந்தவை.

திருவெண்ணெய்நல்லூரிலிருந்து ஒரு கரும்புக்காரர் வந்தார்.

"இன்னாபா டாப்பு, என் மோட்டாரு ஆச்சா?"

"ஆச்சு. ஆனா குடுக்க முடியாது. அடியில பசை காயுது."

"யோவ், உனுக்குப் பசை காயுது, எனக்குக் கரும்பு காயுதுய்யா!"

"ரெண்டு நாளு பொறுத்துக்க. கரும்புக்கு வேரு கீது, தாங்கும். இத்துக்கு இன்னா கீது, நீயே சொல்லு."

கரும்புக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மோட்டாரைத் தூக்கினார். மோட்டாரோடு கிடாரும் வந்தது. பிதுங்கிய பசை இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிரித்தோம். புது டாப்பில் மோட்டாரின் அடித்தடம் வட்டமாகப் பதிந்துவிட்டது. அதன் மேல் வார்னிஷ் அடித்து, டிசைன் என்று சொல்லிக்கொண்டார்.

மல்லிகா ஊரிலிருந்து திரும்பிய அன்று, துரதிருஷ்டவசமாக நான் அந்த வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். பையைக் கீழே வைத்தவர் பீரோவைப் பார்த்தார்.

"இன்னாங்க இது?"

"எது?"

"நடுவுல ஓட்டை."

"காத்தோட்டமா இருக்கும். பட்டுப்பொடவைக்கு நல்லது."

மல்லிகா கத்தவில்லை. சுவரில் தொங்கிய கிடாரைப் பார்த்தார். அதில் சாவி செருகியபடியே இருந்தது. அருகில் போய் அதை உருவி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"பீரோவ அறுத்துட்டீங்க. சாவியாவது எங்கிட்ட இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, பிரிக்காத பையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திண்டிவனம் போய்விட்டார்.

அவர் சாவியை உருவியபோது வால்யூம் உச்சத்தில் இருந்தது, அங்கேயே நின்றுவிட்டது. டாப்பு அப்போதுதான் பழகி முடித்திருந்தார்.

"வேற சாவி செஞ்சிக்கலாமே அண்ணா?" என்றேன்.

"செஞ்சா நான் தோத்துட்டேன்னு ஆயிடும்."

போய் அழைத்து வரலாமே என்றதற்கும் அதே பதில்தான். ஓட்டலில் சாப்பிட்டார். கன்னம் ஒட்டிப்போயிற்று. சாயங்காலமானால் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், திண்டிவனத்திலிருந்து வரும் பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதற்கு என்று கேட்டால், "காயில் கம்பி பார்சல் வரணும்," என்பார். அந்தக் கம்பி மெட்ராஸிலிருந்து ரயிலில் வரும் என்பது எனக்குத் தெரியும். அவரைப் பார்த்து நான் சிரிக்காமல் இருந்த ஒரே காலம் அதுதான்.

அப்போதுதான் திண்டிவனத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குக் கச்சேரி வந்தது. டாப்பு வேண்டாம் என்று ஆர்மோனியம் சொல்லிப் பார்த்தார். ஆனால் கல்யாண வீட்டார் எலக்ட்ரிக் கிடாருக்காகவே எங்களைக் கூப்பிட்டவர்கள். ஆம்ப்ளிஃபயரின் மேல் இரண்டு கம்பளியைச் சுற்றி, அதன் மேல் ஒரு மெத்தையையும் சாய்த்து வைத்துக் கச்சேரியை ஆரம்பித்தோம்.

முதல் பாட்டு ஒரு காதல் பாட்டு. பாடகர் மெல்ல ஆரம்பித்தார். டாப்பு ஒரு தட்டுத் தட்டினார். பந்தலின் மேல் இருந்த காக்கைகள் ஊரைவிட்டே போய்விட்டன. மாப்பிள்ளை காதைப் பொத்திக்கொண்டார். பாடகர் வாயசைப்பது தெரிந்தது. என்ன பாடுகிறார் என்பது அவருக்கே தெரியவில்லை. அந்த நேரத்தில் முன்வரிசையிலிருந்து வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் எழுந்து நேராக மேடையேறினார். டாப்புவின் மாமனார். மரவாடிக்காரருக்கு ஊரில் எல்லாக் கல்யாணத்துக்கும் அழைப்பு உண்டு என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

பாட்டு நின்றது. மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து கிடாரைத் தடவினார்.

"இது எங்கையால நான் பொறுக்கின ஈட்டி."

"ஆமாம் மாமா," என்றார் டாப்பு. மைக் அருகில் இருந்ததால் ஊருக்கே கேட்டது.

"அறுத்ததுதான் அறுத்தீங்க மாப்ள, வேர்ப்பக்கத்த மேல வெச்சு ஒட்டிக்கீறீங்களே! மரம் தெரிஞ்சவன் பாத்தா என்னத்தான காறித் துப்புவான்?"

கோபம் அதற்குத்தான். மகள் வாழாமல் வந்து உட்கார்ந்திருப்பது இரண்டாம் பட்சம். டாப்புவும் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டு, எது வேர்ப்பக்கம் என்று சந்தேகம் கேட்க ஆரம்பித்தார். இருவரும் குனிந்து ரேகையை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அப்பாவோடு கல்யாணத்துக்கு வந்திருந்த மல்லிகா மேடைக்கு வந்தார்.

"அப்பா, நகருங்க."

முந்தானை முடிச்சை அவிழ்த்தார். சாவியைக் கிடாரில் செருகித் திருகினார்.

"வாசிங்க."

டாப்பு தட்டினார். மல்லிகா இன்னும் திருகினார்.

"மல்லிகா, இதுக்கு மேல கொறைச்சா மரத்தோட சவுண்டு..."

"வாசிங்கன்றேன் இல்ல?"

வாசித்தார். பாடகரின் குரல் எங்கள் குழுவின் சரித்திரத்திலேயே முதல்முறையாகக் கடைசி வரிசைக்குக் கேட்டது. கல்யாண வீடே கை தட்டியது. எங்கள் கச்சேரிகளில் அப்படியொரு கைதட்டலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அது எங்களுக்கில்லை என்று தெரிந்தும் ஆர்மோனியம் எழுந்து கும்பிட்டார்.

மல்லிகா கீழே இறங்கவில்லை. கிடார் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். இரண்டு பாட்டு முடிந்ததும் டாப்பு அவர் பக்கம் சாய்ந்து கேட்டது என் காதில் விழுந்தது.

"விழுப்புரத்துக்குக் கடேசி பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

"யாருக்கு?"

"நம்மளுக்கு."

மல்லிகா சாவியை ஒரு சுற்று ஏற்றிவிட்டார்.

அடுத்த வாரமே மாமனார் ஓர் இரும்பு பீரோவை வண்டியில் ஏற்றி அனுப்பினார். கூடவே வந்த ஆள், "இத்த அறுக்க முடியாதுன்னு பெரியவரு சொல்லச் சொன்னாரு," என்று ஒப்பித்துவிட்டுப் போனான். அதன் பிறகு எல்லாக் கச்சேரிக்கும் மல்லிகாவும் வந்தார். ஆர்மோனியம் சைகை காட்டுவார், மல்லிகா திருகுவார், டாப்பு முறைப்பார். நாங்கள் ஒரு நல்ல குழுவாகிவிட்டோம்.

சில வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் நடந்தது. வரவேற்பு அன்று பார்த்துப் புயல் மழை. மண்டபம் நிறைய நாற்காலிகள். மனிதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆர்மோனியமே வரவில்லை. டாப்புவும் மல்லிகாவும் மட்டும் கிடாரைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார்கள். "வேணாண்ணா, கேக்க ஆளே இல்ல," என்றேன்.

"நீ கீறியே," என்று சொல்லிவிட்டு மேடையேறினார்.

அறிவிக்கிற வேலை இல்லாமல், உட்கார்ந்து முழுசாக அவர் வாசிப்பை நான் கேட்டது அன்றைக்குத்தான். சுமாராகத்தான் வாசித்தார். சாப்பாடு ஆறுகிறது என்று என்னைப் பலமுறை கூப்பிட்டார்கள். எழுந்து போக மனசு வரவில்லை.