மிசின் ஏற்றிய உவர்

புங்குடுதீவு,
12.08.1974

மகா கெட்டிக்காரராகிய மைத்துனர் செல்வரத்தினத்துக்கு,

அம்மன் கிருபையால் நானும் உமது தமக்கை கமலாதேவியும் மகள் பரிமளமும் உயிரோடு இருக்கிறோம். காலிப் பட்டினத்தில் நீரும் உமது கடையும் சுகமாகவே இருப்பீர்கள். அங்கே குடிக்க நல்ல தண்ணீர் இருக்கிறதல்லவா.

நீர் அன்போடு அனுப்பிய தண்ணீர் இறைக்கும் மிசின் வந்து சேர்ந்தது. கிணற்றடிக் கல்லைத் துளைத்தால் கீழே வற்றாத தண்ணீர் இருக்கும் என்று கடிதமும் எழுதியிருந்தீர். கடையில் வெங்காயம் நிறுக்கிறவருக்கு நிலத்துக்கு அடியில் நடப்பதெல்லாம் தெரியும்போது எனக்கென்ன பயம்? கல்லுடைக்கிற சவிரிமுத்துவைக் கூப்பிட்டேன். "அண்ணை, கல்லுக்கு மேலை நிக்கிறது மழைத் தண்ணி. கீழை உள்ளது உவர்த் தண்ணி. துளையைப் போட்டு மேலை உள்ளதை இழுத்தியளெண்டால் கீழை உள்ளது ஏறி வரும்" என்றார். மைத்துனரே எழுதிவிட்டார், நீர் துளையும் என்றேன்.

சனிக்கிழமை ஊர்காவற்றுறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பரிமளத்தைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. நம் மதிப்பைக் காட்ட வேண்டாமா? வெள்ளி விடிந்ததிலிருந்து மிசினை ஓட்டி, வீடு கழுவி, வாழைக்கு விட்டு, அவர்களுடைய காருக்குப் புழுதி எழும்பக் கூடாதென்று வீட்டுக்கு வரும் ஒழுங்கைப் பாதையையும் நனைத்தேன். துலாவால் இறைத்த காலத்தில் எனக்குக் கை நோகும், நான் இளைப்பாறக் கிணறு ஊறும். மிசினுக்குக் கை நோகவில்லை. நல்ல தண்ணீர் முழுவதும் ஒழுங்கைக்குப் போக, துளை வழியே உவர் ஏறி வந்து நின்றது. கிணறு நிறைந்திருந்ததால் நானும் உம்மை மெச்சினேன்.

மறுநாள் தேநீர் கொடுத்தோம். மாப்பிள்ளையின் தாயார் ஒரு வாய் குடித்துவிட்டுத் தகப்பனாரைப் பார்த்தார். தகப்பனார் கோப்பைக்குள் பார்த்தார். "சரி, சொல்லி அனுப்புறம்" என்று எழும்பிப் போய்விட்டார்கள். நானும் குடித்துப் பார்த்தேன். சீனி போட்ட கடல். ஒழுங்கையில் நல்ல தண்ணீர்க் கிணறு எங்களுடையது ஒன்றுதான். சீதன உறுதிப் பத்திரத்தில் அதில் ஒரு பங்கு எழுதித் தருவதாகச் சொல்லித்தான் இந்தச் சம்பந்தமே பேசினோம். பிள்ளை குசினி அடுப்படிக்குள் இருந்து அழுகிறாள். உமது தமக்கையோ "தம்பி நல்லதுக்குத்தானே அனுப்பினவன்" என்கிறாள். அடுத்த லொறியில் வந்து உமது மிசினை ஏற்றிக்கொண்டு போம். முடிந்தால் அந்தத் துளையையும் கொண்டு போம்.

உமது அறிவு காலியோடு நிற்க வேண்டுமென்று வாழ்த்தும்,
அத்தான்
அப்புத்துரை

பி.கு.: கடித உறையை ஒட்டும்போது தரகர் அம்பலவாணர் வந்தார். அவர்களுக்குப் பூரண சம்மதமாம். அவர்களும் போன வருஷம் தங்கள் கிணற்றுக்கு மிசின் பூட்டினவர்களாம். "இவ்வளவு நல்ல தண்ணியிலை தேத்தண்ணி குடிச்சு ஒரு வருஷமாகுது" என்று தாயார் வழிநெடுகச் சொன்னாவாம். மிசினை எடுக்க வர வேண்டாம். கலியாணத்துக்கு வரும்போது காலியிலிருந்து ஒரு பீப்பாய் குடிதண்ணீர் மட்டும் கொண்டு வாரும்.